நீர்க்கசிவுச் சேதப் பொறுப்பு

நீர்க்கசிவுச் சேதப் பொறுப்பு என்பது ஒருவரது வீடு, தொட்டி, குழாய், ஏரி, கால்வாய் அல்லது அணையிலிருந்து வெளியேறும் நீர் அண்டையிலுள்ள மற்றொருவரின் உடைமைக்குச் சேதம் விளைவிக்கும்போது, அச்சேதத்தை யார் ஈடுசெய்ய வேண்டும் என்பதைத் தீர்மானிக்கும் சட்டக் கருத்தாகும். அடுக்ககங்களில் மேல்வீட்டுக் குளியலறையிலிருந்து கீழ்வீட்டுக் கூரையில் இறங்கும் ஒழுக்கு இதற்கு இன்று பரவலாகக் காணப்படும் எடுத்துக்காட்டு ஆகும். ஏரி உடைப்பும் கால்வாய் உடைப்பும் இதன் பழைய வடிவங்கள்.

இந்தியாவில் இதற்கெனத் தனிச் சட்டம் இல்லை. தீங்கியல் சட்டத்தின் பொதுக் கொள்கைகள், நீதிமன்றத் தீர்ப்புகள், அடுக்ககச் சட்டங்கள், காப்பீட்டு ஒப்பந்தத்தின் விதிகள் ஆகியன சேர்ந்தே பொறுப்பை முடிவு செய்கின்றன. நீர் எங்கிருந்து வந்தது என்பது மட்டும் ஒருவரைப் பொறுப்பாளி ஆக்குவதில்லை. அந்நீரைத் தம் கட்டுப்பாட்டில் வைத்திருந்தவர் உரிய கவனம் எடுத்தாரா என்பதே இந்திய நீதிமன்றங்கள் பெரும்பாலும் கேட்கும் கேள்வியாகும். பொறுப்புக் காப்பீடும் இக்கேள்வியின் விடையையே சார்ந்துள்ளது.

சட்டத்தின் தோற்றம்

ரைலண்ட்சு எதிர் பிளெட்சர்

இத்துறையின் அடிப்படை வழக்கு இங்கிலாந்தின் லங்காசயர் பகுதியில் எழுந்தது. ஆலை உரிமையாளரான ஜான் ரைலண்ட்சு தம் ஆலைக்காக ஒப்பந்தக்காரர்களைக் கொண்டு ஒரு நீர்த்தேக்கத்தைக் கட்டுவித்தார். அதன் அடியில் கைவிடப்பட்ட பழைய சுரங்கத் துளைகள் இருந்தன. 1860 டிசம்பரில் நீர் அத்துளைகளின் வழியே இறங்கி, தாமசு பிளெட்சரின் நிலக்கரிச் சுரங்கத்தை நிரப்பியது. ரைலண்ட்சின் மீது தனிப்பட்ட கவனக்குறைவு எதுவும் காணப்படவில்லை. எனினும், தப்பினால் தீங்கு விளைவிக்கக்கூடிய பொருளைத் தம் நிலத்தில் கொணர்ந்து சேர்த்து வைப்பவர் அது தப்புவதால் விளையும் சேதத்துக்குப் பொறுப்பாவார் என 1866இல் நீதிபதி பிளாக்பர்ன் தீர்ப்பளித்தார். 1868இல் பிரபுக்கள் அவை அதனை உறுதி செய்தது. நிலத்தை இயல்பல்லாத முறையில் பயன்படுத்தியிருக்க வேண்டும் என்ற வரையறையைக் கெய்ர்ன்சு பிரபு அதனுடன் சேர்த்தார். இக்கொள்கை கடும் பொறுப்பு என அழைக்கப்படுகிறது.

கார்வேட்டிநகரம் வழக்கு

இக்கொள்கையை இந்திய ஏரிகளுக்குப் பொருத்தலாமா என்ற கேள்வி விரைவிலேயே சென்னை மாகாணத்தில் எழுந்தது. அன்று வட ஆர்க்காடு மாவட்டத்திலும் இன்று ஆந்திரப் பிரதேசத்தின் சித்தூர் மாவட்டத்திலும் அமைந்த கார்வேட்டிநகரம் சமீன்தாரியில் ஏரிகள் உடைந்து, மதராசு இரயில்வே கம்பெனியின் பாலங்கள் அழிந்தன. கம்பெனி சமீன்தார் மீது வழக்குத் தொடுத்தது. இலண்டன் பிரிவி கவுன்சில் 1874இல் சமீன்தாருக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது.

அத்தீர்ப்பின் காரணங்கள் தமிழகச் சூழலுக்கு முதன்மையானவை. இந்நாட்டில் ஏரிகள் தொன்மையானவை. வேளாண்மை அவற்றையே நம்பியுள்ளது. சமீன்தார் அவற்றைத் தம் விருப்பத்துக்கு வெட்டியவர் அல்லர். வழக்காற்றின்படி அவற்றைப் பேணும் கடமை உடையவர். விரும்பினாலும் ஏரியைத் தூர்த்துவிட அவருக்கு உரிமை இல்லை. ஆகவே, பேணுவதில் கவனக்குறைவு மெய்ப்பிக்கப்பட்டால் மட்டுமே அவர் பொறுப்பாவார் என்று கொள்ளப்பட்டது.

ரிக்கார்ட்சு எதிர் லோதியன்

மாடிக் கட்டடங்களைப் பொறுத்தவரை முன்னோடியான வழக்கு ஆசுத்திரேலியாவின் மெல்பேர்ண் நகரில் எழுந்தது. நான்காம் தளத்திலிருந்த கைகழுவும் தொட்டியின் கழிவுக் குழாயை யாரோ ஆணி, சோப்பு, நூல் முதலியவற்றால் வேண்டுமென்றே அடைத்து, குழாயையும் திறந்து விட்டிருந்தனர். நீர் வழிந்து இரண்டாம் தளத்தில் இருந்தவரின் சரக்குகள் கெட்டன. பிரிவி கவுன்சில் 1913இல் கட்டடத்தை வைத்திருந்தவர் பொறுப்பல்லர் எனத் தீர்ப்பளித்தது. வீட்டுக்குக் குழாய் நீர் கொண்டுவருவது கட்டடத்தின் இயல்பான பயன்பாடே என்பதும், சேதம் அடையாளம் தெரியாத மூன்றாமவரின் தீச்செயலால் விளைந்தது என்பதும் அதற்குக் கூறப்பட்ட காரணங்களாகும். அடுக்ககக் குழாய் நீருக்குக் கடும் பொறுப்பைப் பொருத்த இயலாமைக்கு இத்தீர்ப்பே அடிப்படை.

பஞ்சாப் மாநிலம் எதிர் மாடர்ன் கல்டிவேட்டர்சு

பஞ்சாபில் அரசுக் கால்வாய் ஒன்று உடைந்து பண்ணை நிலம் மூழ்கியது பற்றிய இவ்வழக்கை இந்திய உச்ச நீதிமன்றம் 1964இல் தீர்த்தது. பாசனக் கால்வாய் இயல்பான நிலப் பயன்பாடு என்பதால் கடும் பொறுப்பு பொருந்தாது. ஆயினும், முறையாகப் பேணப்படும் கால்வாய்க் கரை தானாக உடைவதில்லை என்பதால், உடைப்பே கவனக்குறைவுக்குச் சான்றாகக் கொள்ளப்பட்டது. இது "நிகழ்வே பேசும்" என்ற விதியாகும். பராமரிப்பைக் காட்டும் ஆவணங்களை அரசு நீதிமன்றத்தில் அளிக்காததும் அதற்கு எதிராக அமைந்தது.

முழுப் பொறுப்பு பொருந்துமா?

தில்லியில் 1985இல் நிகழ்ந்த ஓலியம் வளிமக் கசிவைத் தொடர்ந்து, எம். சி. மேத்தா வழக்கில் உச்ச நீதிமன்றம் 1986 டிசம்பரில் விலக்குகளே இல்லாத முழுப் பொறுப்பு என்ற கொள்கையை வகுத்தது. அது தீங்கு பயக்கும் தொழில் நடத்தும் நிறுவனங்களுக்கு உரியது. வீட்டுக் குழாய் நீருக்குப் பொருந்தாது. அவ்வாறே 1991ஆம் ஆண்டின் பொதுப் பொறுப்புக் காப்பீட்டுச் சட்டமும் அபாயகரமான பொருள்களைக் கையாள்வோரை மட்டுமே காப்பீடு எடுக்கக் கட்டாயப்படுத்துகிறது. அதன் பெயரை மட்டும் பார்த்து, வீட்டு உரிமையாளர்களுக்கும் கட்டாயக் காப்பீடு உண்டு எனக் கொள்வது பிழையாகும்.

பேச்சிப்பாறை: அணையும் கால்வாயும்

கன்னியாகுமரி மாவட்டத்தில் கோதையாற்றின் குறுக்கே அமைந்துள்ள பேச்சிப்பாறை அணை, மேற்கூறிய தீர்ப்புகளை ஓர் உண்மையான நீர்க்கட்டமைப்பில் பொருத்திப் பார்க்க உதவுகிறது. திருவிதாங்கூர் மன்னர் மூலம் திருநாள் காலத்தில், பொறியாளர் மிஞ்சின் மேற்பார்வையில் 1897 முதல் 1906 வரை இவ்வணை கட்டப்பட்டது. பேச்சிப்பாறை, பெருஞ்சாணி அணைகளின் நீர் கால்வாய்கள் வழியாக நாஞ்சில் நாட்டு வயல்களுக்குச் செல்கிறது. அணை நிரம்பும்போது மறுகால் திறக்கப்பட்டு, உபரிநீர் கோதையாறு வழியே திற்பரப்பு அருவியைக் கடந்து குழித்துறைத் தாமிரபரணியாற்றில் சேர்கிறது. 2021 அக்டோபர், நவம்பர் மாதங்களின் கனமழையின்போது உபரிநீர் திறக்கப்பட்டதோடு, மாவட்டத்தின் தாழ்வான பகுதிகளும் வெள்ளத்தில் மூழ்கின.

கார்வேட்டிநகரம் தீர்ப்பு வந்தபோது இப்பகுதி திருவிதாங்கூர் சமஸ்தானத்தில் இருந்ததால், பிரித்தானிய இந்திய நீதிமன்றங்களுக்கு மேலான பிரிவி கவுன்சிலின் அதிகாரம் இங்கு நேரடியாகச் செல்லவில்லை. 1956 நவம்பர் 1 அன்று இப்பகுதி அன்றைய சென்னை மாநிலத்துடன் இணைந்தது. இன்று நாடு முழுவதற்கும் உரிய தீங்கியல் கொள்கைகளே இங்கும் பொருந்தும். அதன்படி மூன்று நிலைகளைப் பிரித்தறிய வேண்டும்.

முதலாவது, மறுகால் திறப்பு. அணையின் பாதுகாப்புக்காக விதிமுறைப்படி, முன்னறிவிப்புடன் நீர் திறக்கப்பட்டால், கவனக்குறைவை மெய்ப்பிக்காமல் இழப்பீடு கோருவது கடினம். முன்னறிவிப்பு இன்மை, மதகுப் பழுது போன்றவை மெய்ப்பிக்கப்பட்டால் நிலைமை மாறும்.

இரண்டாவது, கால்வாய் உடைப்பு. கரை உடைந்து வாழைத் தோட்டமோ வீடோ மூழ்கினால் மாடர்ன் கல்டிவேட்டர்சு தீர்ப்பு பாதிக்கப்பட்டவருக்குத் துணை நிற்கும். பராமரிப்புப் பதிவேடுகளைக் காட்ட வேண்டிய நிலை துறைக்கு ஏற்படும்.

மூன்றாவது, மெதுவான ஊறல். கால்வாயின் அடித்தளத்துக்குப் பூச்சு இடாததால் நீர் ஊறித் தம் பழத்தோட்ட மரங்கள் பட்டுப்போயின என்று ஆந்திரப் பிரதேசத்தில் ஒருவர் தொடுத்த வழக்கு (கே. நாகிரெட்டி வழக்கு, 1982) தோல்வியடைந்தது. கால்வாய் அனைவரது பொது நன்மைக்காக அமைக்கப்பட்டது என்பதும் அதன் பயன்பாடு இயல்பானது என்பதும் காரணங்களாகக் கூறப்பட்டன.

2021ஆம் ஆண்டின் அணைப் பாதுகாப்புச் சட்டம் அணை உரிமையாளருக்கு ஆய்வு, பராமரிப்பு, அவசரகாலச் செயல்திட்டம் முதலிய கடமைகளை விதிக்கிறது. ஆனால் பாதிக்கப்பட்டோருக்கு இழப்பீடு வழங்கத் தனி முறை எதையும் வகுக்கவில்லை. வெள்ளத்துக்குப் பின் அரசு வழங்கும் நிவாரணத் தொகை உதவியே தவிர, பொறுப்பை ஏற்றுக்கொண்டதன் அடையாளம் அன்று.

அடுக்ககங்களில் பொறுப்பு

அணைக்கும் கால்வாய்க்கும் பொருந்தும் அதே கேள்விகளே அடுக்ககத்திலும் எழுகின்றன. கசிவின் இடத்தைப் பொறுத்துப் பொறுப்பாளர் மாறுவார்.

மேல்வீட்டுக்கு மட்டும் உரிய குழாய், குளியலறைத் தளம், துணி துவைக்கும் இயந்திரத்தின் குழாய் ஆகியவற்றிலிருந்து நீர் வந்தால், அவ்வீட்டு உரிமையாளர் அல்லது அங்குக் குடியிருப்பவர் பொறுப்பாகலாம். குழாயைத் திறந்துவிட்டுச் செல்வது குடியிருப்பவரின் கவனக்குறைவு. பழுதான குழாயை அறிந்தும் மாற்றாதிருப்பது பெரும்பாலும் உரிமையாளரின் கவனக்குறைவு. வெளிநாட்டில் வேலை செய்வோரின் பூட்டிய வீடுகளில் பிரதான அடைப்பானை மூடாமல் செல்வதும் இவ்வகையில் அடங்கலாம்.

மொட்டை மாடி, பொதுக் குழாய், மேல்நிலைத் தொட்டி ஆகியன பொதுவாக அனைத்து உரிமையாளர்களுக்கும் பொதுவானவை. அவற்றிலிருந்து வரும் கசிவைச் சீர்செய்வது உரிமையாளர் சங்கத்தின் கடமை. தமிழ்நாட்டில் 1994ஆம் ஆண்டின் அடுக்கக உரிமைச் சட்டத்துக்குப் பதிலாக 2022இல் புதிய சட்டம் இயற்றப்பட்டு, 2024இல் நடைமுறைக்கு வந்தது.

கட்டுமானக் குறையே காரணமாயின், 2016ஆம் ஆண்டின் நிலைச்சொத்து (ஒழுங்குமுறை மற்றும் மேம்பாட்டு) சட்டத்தின் 14ஆம் பிரிவு பொருந்தும். அச்சட்டத்துக்கு உட்பட்ட திட்டங்களில், வீட்டை ஒப்படைத்த நாளிலிருந்து 5 ஆண்டுகளுக்குள் சுட்டிக்காட்டப்படும் கட்டமைப்பு, வேலைத்தரக் குறைகளைக் கட்டுநர் கட்டணமின்றி 30 நாட்களுக்குள் சரிசெய்ய வேண்டும்.

சான்றின் சிக்கல்

பாதிக்கப்படுபவர் கீழ்வீட்டில் இருக்கிறார். காரணமோ மேல்வீட்டுத் தளத்துக்குள் மறைந்திருக்கிறது. மேல்வீட்டார் கதவைத் திறக்காவிடில் கவனக்குறைவை மெய்ப்பிப்பது கடினமாகும். இத்தகைய நிலையில் உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 26ஆம் கட்டளை, 9ஆம் விதிப்படி நேரில் பார்வையிட்டு அறிக்கை அளிக்க ஆணையரை நியமிக்குமாறு நீதிமன்றத்தைக் கோரலாம். பழுதைச் சரிசெய்யுமாறு செயலுறுத்துக் கட்டளையும் கோரலாம். இழப்பீட்டு வழக்குக்குப் பொதுவான கால வரம்பு 3 ஆண்டுகள். தொடர்ந்து நீடிக்கும் கசிவு தொடரும் தீங்காகக் கருதப்படுவதால், அது நீடிக்கும் ஒவ்வொரு கணமும் கால வரம்பு புதிதாகத் தொடங்கும்.

கசிவு முதலில் தெரிந்த நாளிலேயே எழுத்து மூலம் அறிவிப்பது பயனுடையது. அறிவிப்பைப் பெற்ற பின்னும் வாளாவிருப்பது கவனக்குறைவுக்கு வலுவான சான்றாகும்.

காப்பீடு

நீர்க்கசிவுச் சேதத்தில் இருவேறு வகைக் காப்பீடுகள் தொடர்புடையன. இவற்றைக் குழப்பிக்கொள்வதே பெரும்பாலான பிணக்குகளுக்குக் காரணமாகிறது.

உடைமைக் காப்பீடு

இது ஒருவர் தம் சொந்த வீட்டுக்கும் பொருள்களுக்கும் எடுப்பது. இந்தியக் காப்பீட்டு ஒழுங்குமுறை மற்றும் மேம்பாட்டு ஆணையம் வகுத்த பாரத் கிருக ரட்சா என்னும் பொது வடிவ பாலிசி 2021 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் உள்ளது. தீ, நிலநடுக்கம், புயல், வெள்ளம் ஆகியவற்றுடன் நீர்த்தொட்டி, நீர்ச் சாதனம், குழாய் ஆகியன வெடிப்பதாலும் வழிவதாலும் விளையும் சேதமும் இதில் அடங்கும். கட்டடத்துக்கு எடுக்கப்படும் காப்பீட்டுத் தொகையில் 20 விழுக்காடு வரை, 10 இலட்சம் ரூபாய் உச்ச வரம்புக்கு உட்பட்டு, வீட்டுப் பொருள்களுக்கும் காப்பு கிடைக்கிறது.

இவ்வகைக் காப்பீட்டில் யார் மீது தவறு என்பதை மெய்ப்பிக்க வேண்டியதில்லை. மேல்வீட்டுக் குழாய் வெடித்து நனைந்த கீழ்வீட்டாரும், பாலிசி எடுத்திருந்தால், தம் காப்பீட்டு நிறுவனத்திடமே இழப்பீடு கோரலாம். ஆற்றங்கரையில் வெள்ளத்தால் பாதிக்கப்பட்டவருக்கும் இது பொருந்தும். ஆனால் வெடித்தல், வழிதல் என்னும் சொற்கள் திடீர் நிகழ்வைக் குறிப்பன. மாதக்கணக்கில் சுவரில் ஏறும் ஓதமும், தளத்தின் விரிசல் வழியே ஊறும் ஈரமும் இச்சொற்களுள் அடங்குவதில்லை எனக் கோரிக்கைகள் மறுக்கப்படுவதுண்டு. பழுதான குழாயை மாற்றும் செலவும் பொதுவாக வழங்கப்படுவதில்லை.

பொறுப்புக் காப்பீடு

இது காப்பீடு எடுத்தவர் மற்றவருக்குச் சட்டப்படி செலுத்த வேண்டிய இழப்பீட்டை ஏற்பது. பாரத் கிருக ரட்சாவின் அடிப்படை வடிவத்தில் அண்டை வீட்டாருக்கான பொறுப்பு அடங்கவில்லை. வீட்டுடைமையாளர்களுக்கான தொகுப்புப் பாலிசிகள் சிலவற்றில் அது தனிப் பிரிவாகவோ கூடுதல் பிரீமியத்துக்கு உரியதாகவோ உள்ளது.

பொறுப்புக் காப்பீடு இருப்பதாலேயே கீழ்வீட்டாருக்குப் பணம் கிடைத்துவிடுவதில்லை. மேல்வீட்டார் சட்டப்படி பொறுப்பானவர் என்றால் மட்டுமே நிறுவனம் செலுத்தும். எந்தத் தவறும் இன்றிக் குழாய் உடைந்திருந்தால், அண்டை வீட்டார் மீதுள்ள பரிவினால் மேல்வீட்டார் தர விரும்பினாலும், நிறுவனம் மறுக்கலாம். இவ்வகை பாலிசிகளில், நிறுவனத்தின் ஒப்புதலின்றிப் பொறுப்பை ஒப்புக்கொள்ளவோ தொகை தருவதாக வாக்களிக்கவோ கூடாது என்ற நிபந்தனையும் வழக்கமாக உண்டு. ஆகையால் நல்லெண்ணத்தில் எழுதிக் கொடுக்கும் ஒரு கடிதம் காப்பீட்டையே பாதிக்கக்கூடும்.

கீழ்வீட்டாருக்கு மேல்வீட்டாரின் காப்பீட்டு நிறுவனத்துடன் ஒப்பந்தம் இல்லை. சாலை விபத்துகளில் மோட்டார் வாகனச் சட்டம் மூன்றாம் தரப்பினருக்கு அளிக்கும் உரிமையைப் போன்ற ஒன்று வீட்டுக் காப்பீட்டில் இல்லை. அவர் கோரிக்கை மேல்வீட்டார் மீதே எழுப்பப்பட வேண்டும்.

ஈடு செய்த நிறுவனத்தின் உரிமை

கீழ்வீட்டாரின் நிறுவனம் அவருக்கு இழப்பீடு வழங்கியபின், சேதத்துக்குப் பொறுப்பானவரிடம் அத்தொகையை மீட்க அவரது இடத்தில் நின்று கோரும் உரிமையைப் பெறுகிறது. உச்ச நீதிமன்றத்தின் அரசியலமைப்பு அமர்வு 2010இல் எகனாமிக் டிரான்சுபோர்ட் ஆர்கனைசேசன் எதிர் சரண் சுப்பின்னிங் மில்சு வழக்கில் இவ்வுரிமையின் வகைகளை விளக்கியது. அவ்வழக்கு சரக்குப் போக்குவரத்து பற்றியதாயினும் அதன் கொள்கை பொதுவானது. இதனால், கீழ்வீட்டாருக்கு அவரது நிறுவனம் பணம் கொடுத்துவிட்டது என்பதாலேயே மேல்வீட்டாரின் பொறுப்பு நீங்கிவிடுவதில்லை. அதே சேதத்துக்கு இருமுறை ஈடு பெறவும் கீழ்வீட்டாருக்கு உரிமை இல்லை.

கோரிக்கையும் முறையீடும்

சேதம் நேர்ந்தவுடன் நீரை நிறுத்தி, மேலும் சேதம் பரவாமல் தடுப்பது காப்பீடு எடுத்தவரின் கடமையாகும். ஒளிப்படங்கள் எடுத்து நிறுவனத்துக்கு உடனே அறிவிக்க வேண்டும். நனைந்த பொருள்களை மதிப்பீட்டாளர் பார்வையிடும் வரை அப்புறப்படுத்தலாகாது. குழாய்ப் பணியாளர் மாற்றிய பழைய குழாய்த் துண்டையும் சான்றாக வைத்திருத்தல் நன்று.

கோரிக்கையை நிறுவனம் மறுத்தால் முதலில் நிறுவனத்திடமும், பின் காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரிடமும் அல்லது மாவட்ட நுகர்வோர் ஆணையத்திடமும் முறையிடலாம். கன்னியாகுமரி மாவட்டத்துக்கான ஆணையம் நாகர்கோவிலில் உள்ளது. இவ்வழிகள் பாலிசிதாரருக்கும் நிறுவனத்துக்கும் இடையிலான பிணக்குக்கு உரியன. மேல்வீட்டார் கீழ்வீட்டாருக்குச் சேவை வழங்குபவர் அல்லர் என்பதால், அவர்களுக்கு இடையிலான வழக்கு உரிமையியல் நீதிமன்றத்துக்கே உரியது.

பிற நாடுகளில்

சான்றின் சுமையைச் சில நாடுகள் வேறு வகையில் பகிர்ந்துள்ளன. சிங்கப்பூரின் 2004ஆம் ஆண்டு கட்டடப் பராமரிப்புச் சட்டம், கீழ்த்தளக் கூரையில் ஈரமோ நீர் ஊடுருவலோ காணப்பட்டால், மாறாக மெய்ப்பிக்கப்படும் வரை, குறை மேல்வீட்டில் இருப்பதாகவே அனுமானிக்கிறது. இச்சட்டம் தனியார் அடுக்ககங்களுக்கு உரியது. வீடமைப்பு வளர்ச்சிக் கழக வீடுகளில் கூரைக் கசிவைப் பழுதுபார்க்க, கழகம் செலவில் பாதியை ஏற்கும் திட்டம் உண்டு. எஞ்சிய பாதியை மேல்வீட்டாரும் கீழ்வீட்டாரும் சமமாகப் பகிர்வர்.

மலேசியாவில் 2015ஆம் ஆண்டின் விதிகள் இதே அனுமானத்தைக் கொண்டுள்ளன. அறிவிப்புப் பெற்ற 7 நாட்களுக்குள் கட்டட நிருவாகம் வீட்டைப் பார்வையிட வேண்டும்; அதன்பின் காரணத்தைக் குறிப்பிடும் சான்றிதழை வழங்க வேண்டும். மேல்வீட்டார் பார்வையிட இடமளிக்க வேண்டும்.

செருமனியின் கூட்டாட்சி நீதிமன்றம் 2013இல், ஒரே கட்டடத்தின் மேல் அலகிலிருந்து கீழ் அலகுக்கு நீர் இறங்கிய வழக்கில், தவறு இல்லாவிடினும் ஈடுசெய்யும் கடமை எழலாம் எனத் தீர்ப்பளித்தது. பிரான்சில் காப்பீட்டு நிறுவனங்கள் தமக்குள் செய்துகொண்ட உடன்பாடு 2018 முதல் நடைமுறையில் உள்ளது. 5,000 யூரோ வரையிலான நீர்ச் சேதங்களை ஒரு நிறுவனம் முன்னின்று ஆய்ந்து தீர்க்க இது வழிவகுக்கிறது.

இந்தியாவில் இத்தகைய அனுமானமோ உடன்பாடோ இல்லை. எனவே கீழ்வீட்டில் இருப்பவருக்கு, அண்டை வீட்டாரின் தவறை மெய்ப்பிக்கும் தேவையின்றிக் கிடைக்கக்கூடிய ஈடு அவர் தாமே எடுத்த உடைமைக் காப்பீட்டிலிருந்து வருவதே ஆகும்.